வெளியில் நிற்கிற ஆக்களுக்கு

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதிலில் பிழை ஒன்றும் இல்லை. சைரன் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். ஆனாலும் வடமராட்சி கிழக்குக் கரையில் இருக்கிற மருதங்கேணிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கதை மனதுக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது.

வழமையாக சுனாமி எச்சரிக்கைச் சைரன் பூட்டிய கோபுரத்தைச் சத்தமில்லாமல்தான் சோதிப்போம். பற்றரி எத்தனை வோல்ற், அம்பிளிபயர் பதில் தருகிறதா என்று பெட்டிக்குள்ளேயே பார்த்துவிடலாம். சைரன் கொம்பின் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தால் அந்தச் சோதனையில் தெரியாது. அன்று அப்படியொரு கூட்டைக் குத்தி எடுத்து, உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த டெர்மினலைச் சுரண்டி கிறீஸ் பூசி, சத்தத்தோடேயே அடித்துப் பார்த்தோம். கிராம சேவையாளர் முதல் நாளே ஊருக்குச் சொல்லியிருந்தார். சொல்லாமல் அடிக்க இது அப்படிப்பட்ட கரை இல்லை. 2004 மட்டுமா, அதற்கு முந்திய, போரில் பொம்மர் விமானம் குண்டு போட்ட காலமும் சனத்தின் காதுக்குள் இன்னும் இருக்கிறது.

எல்லாம் முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்தா.

"எப்ப தம்பி அடிப்பியள்?"

"அடிச்சு முடிஞ்சுது அம்மா."

"கேக்கேல்லையே. ஃபானைப் போட்டிட்டு உள்ளுக்குப் படுத்திருந்தனான்."

"இது வெளியிலை நிக்கிற ஆக்களுக்குத்தான் அம்மா."

"வெளியிலை நிக்கிறவைக்குக் கடல் தெரியுந்தானே. உள்ளுக்குக் கிடக்கிறவைக்கெல்லோ சத்தம் வேணும்?"

நான் சிரித்துச் சமாளித்தேன். வேறு என்ன சொல்ல? 30 மீற்றரில் 120 டெசிபல் வருகிற சைரன் என்றால், தூரம் இரட்டிக்க இரட்டிக்கப் பத்துப் பத்தாகக் குறையும் என்பது எங்கள் கணக்கு. ஒரு கிலோமீற்றருக்குக் கிட்டப் போகும்போது 70தான் மிஞ்சும். பூட்டிய யன்னலும் சுவரும் அதிலும் நிறையவே விழுங்கிவிடும். அன்று தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று வேறு. தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்றை எதிர்த்துப் போகிற சத்தம் மேலே வளைந்து, வீடுகளுக்கு மேலால் போய்விடும். வாடைக்காற்றில் சோதித்திருந்தால் அவவுக்குக் கேட்டிருக்கலாம். ஆனால் சுனாமி என்ன, காற்றுப் பார்த்தா வரும்?

அவ சொன்னதும் முழுக்கச் சரியில்லை. கடல் கண்ணுக்குத் தெரிகிற நேரம் ஓடுகிற நேரமில்லை. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இடைவெளிக்காகத்தான் இந்தக் கோபுரமே. கடற்கரையில் வலை இழுக்கிறவர்களுக்கு அது போதும். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ரேடியோ, போன், கதவைத் தட்டுகிற ஆள் என்று வேறு வழிகள் இருக்கவேண்டும். சைரனை மட்டும் நம்பச் சொல்லி எந்தத் திட்டத்திலும் இல்லை. இதையெல்லாம் அவவிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தாலும், "என்னட்டைப் போன் இல்லைத் தம்பி" என்றிருப்பா என்றுதான் நினைக்கிறேன்.

போகும்போது கிராம சேவையாளரிடம் அந்த வீட்டைக் காட்டி, தட்டவேண்டிய கதவுகளில் இதையும் சேருங்கோ என்றேன். தலையாட்டினார். அப்புறம் கேட்டார்:

"சைரன் அடிச்சாப் பிறகு, கடல் பக்கம் ஆர் தம்பி போய்த் தட்டுறது?"

வேலை அறிக்கையில் 'சைரன் நன்றாக இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதுவும் பொய்யில்லை.