மணலுக்குப் போற பந்து

"அண்ணா, இன்னும் பத்து அடி அடிங்க, கல்லு மாதிரி நிக்கணும்!"

காலையில் கோத்தகிரி காந்தி மைதானம். கடற்கரை கால்பந்து லீக்குக்குக் கிளம்புற பையன்கள் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஊசியை எச்சில் தொட்டு நனைத்துச் செருகினான். நல்ல பழக்கம். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும்.

ஆனால் கல்லு மாதிரி வேண்டாம் தம்பிகளா.

பந்துக்குள் காற்றழுத்தம் புல்தரைக்கு 0.6 முதல் 1.1 அட்மாஸ்பியர் (அழுத்த அளவு). மணலுக்கு 0.4 முதல் 0.6 தான். வெறுங்காலில் உதைக்கிற பந்து.

இன்னொன்று, நம்ம மலையில் வெளிக்காற்றின் அழுத்தமே கடலோரத்தைவிட சுமார் 0.2 குறைவு. இங்கே கேஜில் (அழுத்தம் பார்க்கிற கருவி) 0.6 காட்டுகிற பந்து, கீழே இறங்கினால் 0.4 பக்கம் வந்துவிடும். வெயில் சூட்டில் கொஞ்சம் ஏறும். அதனால் பம்பும் கேஜும் பையில் இருக்கட்டும். கடைசி அளவு மணலில் வைத்துத்தான்.

இனி மணல் ஆட்டத்தின் விதிகள். ஒரு அணிக்கு கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர். 12 நிமிஷம் வீதம் மூன்று பகுதி. உங்க லீக்கில் குறைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் மாற்ற வரம்பே இல்லை, மூச்சு வாங்கும்முன் மாற்றுங்கள். ஆஃப்சைடு இல்லை. ஷூ கூடாது, கணுக்காலுக்குக் கட்டு போடலாம்.

ஃபவுலுக்குச் சுவர் கட்டக் கூடாது. 5 மீட்டர் தள்ளி நிற்கணும். புல்தரைப் பையன்கள் பழக்கதோஷத்தில் தோள் சேர்த்து நின்றுவிடுவார்கள்.

வெளியே போன பந்தை 4 விநாடிக்குள் உள்ளே போடணும்.

தரையோடு தள்ளுகிற பாஸ் மணலில் இரண்டடியில் செத்துவிடும். கால் பெருவிரலால் கிள்ளித் தூக்கி, மார்பில் வாங்கிக் கொடுக்கப் பழகுங்கள். இந்த வாரம் முழுக்க அது ஒன்றே போதும்.