டைனமோவையே மாத்துறதுக்கு முன்னாடி கார்பனைப் பாருங்க

பழைய வண்டியில பேட்டரி லைட் ஸ்லோவில் மினுக்கி, ஆக்சிலேட்டர் மிதிச்சா அணையுதா? முதல்ல பெல்ட். அது டைட்டா இருந்தா சந்தேகம் ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் பண்ற டைனமோ) கார்பன் மேலதான், அதாவது சுத்துற ரிங்குல உரசிக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில மீட்டர் வெச்சா 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டணும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றாம ஸ்பேனர் வைக்காதீங்க. ஆல்டர்னேட்டருக்குப் பின்னாடி வர்ற தடிச்ச வயர்ல சாவி ஆஃப்ல இருந்தாலும் கரண்ட் இருக்கும்.

கார்பன் ஹோல்டருக்கு வெளியே 5 மி.மீ.க்குக் குறைவா நீட்டியிருந்தா ஜோடியாவே மாத்துங்க. சில மாடல்ல ரெகுலேட்டரோட (சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்துற பாகம்) சேர்ந்து ரெண்டு ஸ்க்ரூவுல கையோட வந்துடும். சிலதுல கார்பனோட வாலை, அதாவது செம்புப் பின்னல் வயரை, ஈயத்தால பத்த வைக்கணும். கோட்டை விடுறது இங்கதான். ஈயம் செம்புப் பின்னலுக்குள்ள ஊறினா வால் விறைச்சுப்போய், கார்பன் ஹோல்டருக்குள்ளயே சிக்கிக்கும். புதுசு போட்டும் சார்ஜ் ஏறாது, பழி பாவம் ரெகுலேட்டருக்குப் போகும்! பத்த வெச்சதும் விரலால அமுக்கி விடுங்க, ஸ்பிரிங் வேகத்துல துள்ளி வரணும்.

கார்பன் உரசுற ஸ்லிப் ரிங்கை நைஸ் உப்புத்தாளால துடைச்சு, ரெண்டு ரிங்குக்கும் நடுவே மீட்டர்ல ஓம் (ரெசிஸ்டன்ஸ்) பாருங்க. பெரும்பாலும் 2 முதல் 5-க்குள்ள இருக்கும். ரிங்குல பள்ளம் விழுந்திருந்தா லேத்துக்குக் கொடுங்க, இல்லேன்னா புதுக் கார்பனும் சீக்கிரமே தேஞ்சிடும்.