வேனுக்குள் தென்னை நார்: கூரை தேறியது, தரை சொதப்பியது

எங்கள் பழைய வேனில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். மே மாதம் பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போய் இறங்குவதற்குள் தொடை வெந்துவிடும். ஃபோம் ஒட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊரைச் சுற்றி நார் மில்லாக இருக்கும்போது ஃபோம் எதற்கு? பழைய பீட்டில் காரின் சீட்டுக்குள்ளேயே ரப்பர் பால் தெளித்து அழுத்திய தென்னை நார் இருந்ததே. 10 மி.மீ. நார் ஷீட் ஒரு சுருள் வாங்கி வந்தேன்.

முதல் பயம் நெருப்பு. வெங்காரமும் போரிக் பவுடரும் கரைத்த வெந்நீரில் ஷீட்டை முக்கி, மொட்டைமாடியில் காயவைத்தேன். முக்காத துண்டில் தீக்குச்சி வைத்ததும் குபுகுபுவென்று எரிந்தது. முக்கியது ஓரம் கருகி அணைந்துவிட்டது. அப்படியும் இன்ஜின் பக்கம் வைக்கவில்லை. ஆயில் ஊறினால் எந்த நாரும் விளக்குத் திரிதான்.

கூரையில் ஒட்டிய பசை மத்தியான வெயிலில் இளகி, ஓடும் வண்டியில் ஒரு துண்டு வீட்டுக்காரம்மா தலையில் விழுந்தது. அன்றைக்குக் கிடைத்த பாட்டை இங்கே எழுத முடியாது. அப்புறம் மூங்கில் தப்பையைக் கூரைச் சட்டங்களுக்கு இடையில் வளைத்துச் சொருகினேன். இன்றுவரை அசையவில்லை. வெயிலில் நின்ற வண்டியில் கூரை லைனிங்கைத் தொட்டால் இப்போது கை சுடுவதில்லை. நாருக்குள் அடைபட்ட காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது.

சத்தம்? 60 கி.மீ. வேகத்தில் போன் ஆப் முன்பு 80 டெசிபல் காட்டியது, இப்போது 77. ஆற்றல் பாதியாகிவிட்டது என்று கணக்கு சொல்லும்; காதுக்கோ 'குறைந்த மாதிரி இருக்கே' என்கிற அளவுதான். காற்றின் 'உஸ்' குறைந்தது. இன்ஜினின் 'கும்' அப்படியே இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 3.4 மீட்டர், விரல் தடிமன் நாரை அது மதிக்குமா? அதற்குத் தகரத்தின் மேல் கனமான தார் ஷீட்தான் ஒட்ட வேண்டும்.

தரைதான் சொதப்பல். ஒரு மழையில் கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கியது. நான்கு நாளில் ஈரச் சாக்கு நாற்றம். ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் நாருக்கு ஒன்றும் ஆகவில்லை, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதில் அதிகம் என்பதால் சீக்கிரம் மட்காது. ஆனால் அது பிடித்து வைத்த ஈரத்தில் தகரம் முழுக்கத் துருப் புள்ளி.

தரை நாரை உரித்துவிட்டேன். வெங்காரம் ஊறியதைச் செடித் தொட்டிக்கும் போட முடியாது. சுருட்டி மோட்டார் ரூமில் கிடக்கிறது. வரும் ஞாயிறு துருவைத் தேய்த்து பிரைமர் அடித்து, தார் ஷீட்.