கயிற்றை இழுக்காதவன்

கார் ஆலை லைனில் அந்தக் காண்ட்ராக்ட் பையனுக்கு நட்டு மரையில் சரியாக ஏறவில்லை. அவன் கழற்றினான், மரையைத் துடைத்தான், வேறு நட்டு போட்டு முடுக்கினான். அடுத்த வண்டியிலும் அதே கதை. கோளாறு கண்டால் உதவிக்கு இழுக்க வேண்டிய, தலைக்கு மேல் தொங்கிய ‘ஆண்டான்’ கயிற்றை மட்டும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“நான் இழுத்தா லைன் நிக்கும் சார். எல்லாருக்கும் பஸ் லேட் ஆகும்.”

இழுத்த உடனே லைன் நிற்காது என்பது அவனுக்கும் தெரியும். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். வண்டி அவன் வேலை செய்யும் இடமான ஸ்டேஷனின் எல்லையைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும். கோளாறு மொத்தமாக வந்த அந்த நட்டு லாட்டிலேயே இருந்தது. அவன் கைத்திறமை அதை மறைத்தது. அடுத்த ஷிப்டில் வேறொருவர் கையில் அது பெரிதாகியிருக்கும். அதனால் அவனைப் பெர்மனென்ட் ஆக்குவதற்கான மதிப்பீட்டில், முறையைப் பின்பற்றுதல் என்ற இடத்தில் குறைவாகப் போட்டேன். ஜப்பானிய ஆலோசகரும் சரி என்றார்.

இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை, டொயோட்டா குழுமத்துக்கு வித்திட்ட சகிச்சி டொயோடா 1924-இல் முழுமையாக்கினார். அந்த எண்ணம்தான் கார் லைனுக்கு வந்தது. தறிக்குப் பயமில்லை, மனிதனுக்கு உண்டு. 1950-இல் டொயோட்டாவில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, ஏராளமானோர் வேலை இழந்தார்கள், தலைவர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். 1962-இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் பரஸ்பர நம்பிக்கையை வலியுறுத்தி கூட்டு அறிக்கை வெளியிட்டன. வேலை போகாது என்ற தைரியம் இருந்தால் கயிற்றை இழுக்கக் கை வரும். நாங்கள் ஒரகடத்தில் உள்ள எங்கள் ஆலைக்குக் கயிற்றை மட்டும் கொண்டுவந்தோம். இழுத்தவன் பெயரை காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் குறித்துவைப்பார் என்று பிற்பாடு இன்னொரு பையன் சொன்னான்.

இப்படிச் சொல்லிவிட்டால் எல்லாம் விளங்கிவிட்டதா என்றால், இல்லை. ஜப்பான் ஆலைகளிலும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலைக்கு வருபவர்கள் உண்டு. அவர்களும் கயிற்றை இழுக்கிறார்கள். அப்புறம், பிறருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்பது அங்கே சின்ன வயதிலேயே ஊட்டப்படும் பழக்கம். இவனுக்கும் அதே குணம்தான். அடுத்த ஸ்டேஷனில் நிற்பவர்தான் உன் வாடிக்கையாளர் என்று பயிற்சியில் சொல்லித்தருகிறோம். இவன் நினைவில் இருந்தது பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். அதைக் குறையென்று எழுத எனக்குக் கை கூசியது, எழுதினேன்.

கயிறு இழுத்த கணக்கு காண்ட்ராக்டரிடம் போகக்கூடாது என்று ஆலோசகரிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார். ஹெச்ஆர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. பையனுக்கு அந்த வருடம் பெர்மனென்ட் ஆகவில்லை.