படங்கில் அம்மாயியின் முகம்

அம்மாயி, என் அம்மாவின் அம்மா, தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு இன்னும் எங்கள் காம்பராவில், அதாவது லயன் வீட்டு அறையில், ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. அடையாள அட்டைக்காக எடுத்த படம் ஒன்றும் இருக்கிறது. அம்மாயியின் முகம் என்று எங்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். 2023இல், எங்கள் மக்கள் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துக்கு வந்து இருநூறு வருஷம் என்று, மலையகம் 200 என்ற பெயரில் ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம், அந்த முகத்தைப் படங்கின் மேலேயே பதித்த மாதிரி ஒரு படம் செய்ய ஆசை வந்தது. துணி மடிகிற இடத்தில் முகமும் மடிய வேண்டும்.

ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்வது என் தொழில். போட்டோஷாப்பில் லேயர் மேல் லேயராகப் படங்களை அடுக்குவது கைப்பழக்கம். முகத்தைச் சாக்கின் மேல் வைத்து, இரண்டின் நிறத்தையும் கலக்கிற மல்டிப்ளை போட்டேன். நிறம் சேர்ந்தது, வேறொன்றும் சேரவில்லை. பெரிய மடிப்பு ஒன்றின் மேல் மூக்கு நேராக ஓடியது, பஸ் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் போல. அப்புறம்தான் போட்டோஷாப்பின் டிஸ்பிளேஸ் பில்டர் பக்கம் போனேன்.

சாக்கின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித் தனியாக, போட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி கோப்பாகச் சேமிக்க வேண்டும்; பில்டர் வேறெதையும் ஏற்காது. அதுதான் மேப். அதில் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்து, முகத்தின் புள்ளிகளை பில்டர் தள்ளிவைக்கும். வெளிச்சத்துக்கு 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. 128 என்ற நடுச்சாம்பலில் அசைவே இருக்காது. 0 பக்கம் போனால் ஒரு திசை, 255 பக்கம் போனால் எதிர்த்திசை. நான் முதலில் ஜேபெக்காகச் சேமித்துவிட்டு, கோப்பு எங்கே என்று அரைமணி நேரம் தேடினேன். சரி, அது போகட்டும்.

உண்மையான சிக்கல் வெளிச்சத்தில் இருந்தது. ஜூலை மாதம், தூறலும் மூடுபனியும். படங்கை இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், விரித்துப் படம் எடுத்தேன். மணப்பெண்ணை எடுக்க அருமையான வெளிச்சம், மேப்புக்கு உதவாத வெளிச்சம். நிழல் விழாத மடிப்பை பில்டர் மடிப்பாகவே எடுத்துக்கொள்ளாது. போதாததற்குப் படம் முழுவதும் 128க்குக் கீழே இருண்டு கிடந்ததால், முகம் மடியாமல் அப்படியே சாய்வாக நகர்ந்து நின்றது.

இரவு லைட்டை அணைத்துவிட்டு, தம்பியை டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். “கரண்டு இருக்கும்போது எதுக்குடா இருட்டுல கெடந்து தடவுறீங்க?” என்றார் அம்மா. மடிப்பெல்லாம் மலை முகடுகள் மாதிரி எழுந்து நின்றன.

இந்த முறை இன்னொரு தொல்லை. சணல் இழை ஒவ்வொன்றும் மேப்பில் ஏறி, அம்மாயியின் புருவம் செல்லரித்த மாதிரி ஆகிவிட்டது. மேப்பை மங்கலாக்க காசியன் பிளர் போட்டேன், 2 பிக்சல் போதவில்லை. 5இல் இழை கரைந்து மடிப்பு மட்டும் நின்றது. அடுத்தது, எவ்வளவு தள்ள வேண்டும் என்று பில்டருக்குச் சொல்லும் அளவு. 100 சதவீதம் கொடுத்தாலே ஒரு புள்ளி அதிகபட்சம் 128 பிக்சல்தான் நகரும். எல்லோரும் போடுகிற 10 என்றால் 13 பிக்சல்கூட இல்லை. 4000 பிக்சல் அகலப் படத்தில் அது கண்ணுக்கே படாது. 35 வரை ஏற்றினேன். முகத்தை முதலிலேயே, மூலப் படம் கெடாமல் பில்டரை மாற்ற விடுகிற ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றியிருந்ததால் ஏற்றி இறக்கிப் பார்க்க முடிந்தது.

முடிந்தது என்று நினைத்து அம்மாவிடம் காட்டினேன்.

“அம்மாயி கன்னத்துல என்னடா பள்ளம்?”

பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் மடிப்பே இல்லை, பழைய கொழுந்துக் கறைதான் இருந்தது. கறுப்பாக இருந்தால் போதும், நிழலா கறையா என்று பில்டர் கேட்பதில்லை. மேப் கோப்பை மட்டும் திறந்து, பக்கத்து இடத்தை நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்ப் வைத்துக் கறையைத் துடைத்து, பில்டரை மறுபடி ஓட்டினேன். கன்னம் நிரம்பியது. அடியில் இருக்கும் சாக்குப் படத்தில் கறையைத் தொடவில்லை. கடைசியாக, அடிப்படத்தின் வெளிச்சமான இடங்களை மேலே தெரியவைக்கிற பிளெண்ட் இஃப் பட்டையை ஆல்ட் விசையால் பிரித்து இழுத்ததும், வெளிறிய இழைகள் முகத்தினூடே மெல்ல எட்டிப் பார்த்தன.

அச்சடித்து வந்த படத்தில் அம்மா முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் தடவித் தடவிக் கன்னத்துக் கறையைக் கண்டுபிடித்தார்.

“இத நான்தான் தொவைச்சேன். எத்தன தடவ தேச்சும் போகல.”