பேக்-மேன் போர்டு: எழுத்து மாறித் தெரியும் கோளாறு

மார்ச் 3

நாம்கோவின் 1980ஆம் ஆண்டு ஆர்கேட் ஆட்டமான பேக்-மேனின் சர்க்யூட் போர்டு. ஆட்டம் ஓடுகிறது, ஒலி வருகிறது, பேய்களின் உருவம் சிதையவில்லை. எழுத்துகள்தான் கோளாறு. மேலே ‘ஹை ஸ்கோர்’ என்று வர வேண்டிய வரியில் எச் எல்லாம் ஐ ஆகிவிட்டது, ஆர் எஸ் ஆகிவிட்டது. ஐ, ஜி, எஸ், சி, ஓ, இ ஆறும் அப்படியே இருக்கின்றன. இரண்டு சொற்களுக்கும் நடுவில் காலியாக இருக்க வேண்டிய கட்டத்தில் ஓர் ஏ. மஞ்சளும் பச்சையடிக்கிறது, அது வேறு கோளாறு, பிறகு பார்க்கலாம்.

எதையும் கழற்றும் முன் 5 வோல்ட்டை ஐசியின் (சிப்பின்) காலிலேயே அளக்க வேண்டும். இந்தப் போர்டுக்கு ஏசி மின்சாரம் வந்து போர்டிலேயே டிசி ஆகிறது. விளிம்புக் கனெக்டர் கருகினால் எல்லாமே தடுமாறும். அளவு 5.02. சரி.

போர்டு தன்னைத் தானே சோதிக்கும் செல்ஃப் டெஸ்ட் ‘மெமரி ஓகே’ என்கிறது. இதைப் பார்த்தபின் 2114 ராம்களை (தற்காலிக நினைவக சிப்களை) கழற்றுவது வீண் வேலை. அதேபோல, ராம் முதல் கிராஃபிக்ஸ் ரோம் (படங்களை நிலையாக வைத்திருக்கும் சிப்) வரை எல்லாம் நலம் என்று முடிவுகட்டுவதும் தவறு. எழுத்துப் படங்கள் இருக்கும் 5இ, பேய்ப் படங்கள் இருக்கும் 5எஃப் ஆகிய ரோம்களை சிபியுவால் (மையச் செயலியால்) படிக்கவே முடியாது; டெஸ்ட் அவற்றைத் தொடுவதில்லை.

மார்ச் 4

போர்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள எண்களைத் தாளில் எழுதிப் பார்த்தால் விடை தெரிகிறது. எச் 72, ஐ 73. ஆர் 82, எஸ் 83. காலிக் கட்டம் 64, ஏ 65. இரட்டைப்படை எண் ஒவ்வொன்றும் அடுத்த ஒற்றைப்படைக்குத் தாவுகிறது, ஒற்றைப்படை நகரவில்லை. அதாவது எண்ணை 0, 1 என்று எழுதினால் அதன் கடைசி இலக்கம் (பிட்) எப்போதும் 1.

ஓர் எழுத்துக் கட்டத்தின் படம்தான் டைல்; ஒரு டைலுக்கு 16 பைட். ஆகவே ரோமின் முகவரிக் கால்களில் ஏ0 முதல் ஏ3 வரை டைலுக்குள் நகர, டைல் எண்ணின் கடைசி பிட் ஏ4-இல் போய் விழுகிறது. 5இ, 5எஃப் இரண்டும் ஒரே முகவரிக் கம்பிகளில் இருக்கின்றன. அந்தக் கம்பியே செத்திருந்தால் பேய்களும் துண்டு துண்டாகியிருக்கும். அவை நன்றாக இருப்பதால் கோளாறு 5இ-யில் ஏ4 வரும் நான்காம் காலில்தான்.

ரோமின் டேட்டா கால் போயிருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும்: எழுத்து மாறாது, எல்லா எழுத்திலும் நான்கு புள்ளிக்கு ஒரு கிடைக்கோடு விழும். ஒரு பைட்டில் நான்கு புள்ளிகள் இருப்பதால் அப்படி.

மார்ச் 6

சிக்னல் துடிப்பைக் காட்டும் லாஜிக் ப்ரோபை போர்டின் அடிப்பக்கம், சாக்கெட்டின் நான்காம் சோல்டரில் வைத்தால் துடிப்பு இருக்கிறது. மேலே ஐசியின் காலில் இல்லை. கழற்றிப் பார்த்தால், வெள்ளி பூசிய கால்கள் கன்னங்கரேலென்று இருக்கின்றன. சாக்கெட்டின் ஒற்றைத் தகடு தளர்ந்து காலைத் தொடாமல் நிற்கிறது. ஃபைபர்கிளாஸ் பேனாவால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் கால் முறியும்.

சாக்கெட்டை முழுசாக இழுக்கக் கூடாது. பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்துவிட்டு, புது ஈயம் தொட்டு, 340 டிகிரியில் ஒவ்வொரு பின்னாக உருவினால் போர்டின் செப்புத் தளம் (பேட்) பெயராது. இருபுறமும் பிடிக்கும் 24 கால் சாக்கெட் போட்டதும் எச் எச்சாகவே வந்தது.

ரோமையே மாற்ற வேண்டி வந்தால் ஒன்றைக் கவனிக்கவும்: 2532 வகை ரோம் சிப்பில் முகவரிக் கால் ஏ11 18ஆம் இடத்தில், 2732 வகையில் 21ஆம் இடத்தில். போர்டு எதற்கானது என்று பார்க்காமல் செருகக் கூடாது.

மார்ச் 7

இனி மஞ்சள். திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால்தான் மஞ்சள். சிவப்புப் பேய் மங்கியிருக்கிறது. நீலப்பச்சைப் பேயில் சிவப்பே கிடையாது, அது மாறவில்லை. சிவப்புக்கு 1 கிலோ ஓம், 470, 220 என்று மூன்று ரெசிஸ்டர்கள். 220 அறுந்தால் முழுச் சிவப்பில் சுமார் 40 சதவீதம்தான் மிஞ்சும், மஞ்சள் பச்சையாகத்தான் தெரியும். மின்சாரத்தை நிறுத்தி அளந்ததில் பச்சை வரிசையின் 220 சரியாகக் காட்டியது. சிவப்பு வரிசையில் இருப்பது கிலோ ஓம் கணக்கில். ஒரு காலின் சோல்டரைச் சுற்றி மயிரிழை வளையமாக விரிசல். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வைத்ததும் பேக்-மேன் மஞ்சளானது. ரெசிஸ்டரை மாற்றவில்லை.