பத்தாம் வகுப்பில் ஒரு முழு நாவல்

ஆகஸ்ட் 3, 2022

இன்று விரிவானத்தில், அதாவது துணைப்பாடத்தில், 'கோபல்லபுரத்து மக்கள்' பாடத்தை முடித்தேன். கி. ராஜநாராயணனின் (கி.ரா.) நாவலிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு. வேலை தேடி நடந்தே வந்து மரத்தடியில் சோர்ந்துபோய் இருந்த ஒருவனுக்கு அன்னமய்யா நீச்சுத்தண்ணி கொடுக்கிறான், கூட்டிப்போய் கம்மஞ்சோறு போடுகிறார்கள், பாடம் முடிகிறது. புத்தகத்தை மூடும்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அப்புறம் அவன் எங்க போனான் மிஸ்?" பதிமூன்று வருடமாக விரிவானம் நடத்துகிறேன், ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை. எட்டு மதிப்பெண்ணுக்கு எத்தனை பக்கம் எழுதணும் என்றுதான் கேட்பார்கள்.

ஆகஸ்ட் 5

முழு நாவலையும் வகுப்பில் படித்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். கிளை நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது, என் அலமாரியில் ஒன்று. 41 பிள்ளைகளுக்கு இரண்டு புத்தகம். சத்தமாகப் படிப்பதைத் தவிர வழியில்லை. வாரத்துக்கு மூன்று நாள், வகுப்பின் கடைசி இருபது நிமிடம். வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை, அதனால் இந்த அளவு தோதாக இருக்கும் என்று நினைக்கிறேன். தலைமையாசிரியர் தடுக்கவில்லை, "போர்ஷன் மட்டும் பின்தங்கக் கூடாது டீச்சர்" என்றார்.

ஆகஸ்ட் 11

எங்கள் ஊர் நெல் ஊர். கம்பங்கொல்லையைப் பாதிப் பேர் பார்த்ததே இல்லை. 'கடிச்சுக் குடித்தல்' என்றால் வாய்வைத்துக் குடிப்பது என்று பாடத்தின் கீழேயே போட்டிருக்கிறது, ஆனாலும் அதைச் செய்து காட்டச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக் குடித்துக் காட்டினேன். அவ்வளவுதானா என்று ஒரே சிரிப்பு. நாளெல்லாம் அவர்கள் செய்வதுதானே. 'தொலவட்டையில்', அதாவது தொலைவில், என்ற சொல் மட்டும் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது, கடைசி பெஞ்சுக்கு இப்போது அதுதான் பெயர்.

கி.ரா. இருக்கிறாரா என்று கேட்டார்கள். போன வருடம் மே 17 அன்று, 98 வயதில் போய்விட்டார் என்றேன். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர், பிற்பாடு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தார் என்றதும் ஒருவனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ.

ஆகஸ்ட் 18

மோசமான நாள். ஆறாவது பீரியட், சாப்பிட்ட மயக்கம், கதையில் ஆள் மேல் ஆளாக வந்துகொண்டே இருக்கிறார்கள். நாலு பேர் தூங்கினார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று கரும்பலகையில் ஒரு படம் போட்டேன், அடுத்து வந்த கணக்கு சார் அழித்துவிட்டார். விட்டுவிடலாமா என்று வீடு வரும்வரை யோசனை.

ஆனால் நாவல் என்றால் நடுவில் இப்படித் தொய்வது உண்டுதானே, நானும் எத்தனையோ நாவல்களில் பத்து பக்கம் கொட்டாவி விட்டபடி கடந்திருக்கிறேன். பாடப்புத்தகம் ருசியான துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுக்கிறது, அதனால் ஒரு கதைக்குள் பொறுமையாக உட்கார்ந்திருக்க இந்தப் பிள்ளைகளுக்கு யாருமே பழக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்.

ஆகஸ்ட் 25

வாசிப்பதை அவர்களிடமே விட்டுவிட்டேன், ஆளுக்கு ஒரு பக்கம். திக்கித் திணறிப் படிப்பவன் முறை வந்தால் வகுப்பு நெளியும் என்று பயந்தேன். நெளியத்தான் செய்தது. ஆனால் அவன் தப்பாகப் படித்த இடத்தில் இரண்டு பேர் திருத்தினார்கள், அப்படியென்றால் காது கதையில்தான் இருந்திருக்கிறது. தெலுங்கு தேசத்திலிருந்து கரிசலுக்கு இந்தக் கோபல்லபுரத்துக்காரர்கள் ஏன் வந்தார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அது இதற்கு முந்தைய நாவல், கோபல்ல கிராமம், 1976இல் வந்தது என்றேன். "அப்ப நாம ரெண்டாவதையா முதல்ல படிக்கிறோம்?" என்று முறைத்தாள். நியாயமான கோபம்.

செப்டம்பர் 2

மேசை மேல் வைத்திருந்த நூலகப் பிரதி இரண்டு நாளாகக் காணோம். தொலைந்தால் என் அட்டைக்குத்தான் அபராதம், கொஞ்சம் கத்தியும் விட்டேன். இன்று காலை பார்த்தால் மேசையிலேயே இருக்கிறது. நாங்கள் வகுப்பில் நிறுத்திய இடத்தைத் தாண்டி ரொம்ப தூரத்தில் ஒரு தாள் மடித்துச் செருகியிருந்தது. பிரித்தேன். கைடிலிருந்து கிழித்த பக்கம், இதே பாடத்தின் எட்டு மதிப்பெண் விடை.

யார் என்று கேட்கவில்லை. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.